அட்டையா, குருவியா

பின்னேரம் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு என் தங்கை பாயில் எழும்பி உட்கார்ந்து பாடத் தொடங்கினாள். காரியம் பிழையாகப் போகத் தொடங்கியது அந்த நேரத்தில்தான். மணி எனக்கு நிச்சயமாகத் தெரியும். கடலுக்குப் போகும்போது அப்பா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, நாங்கள் தங்கியிருந்த வாடியின் நடுக்கம்பில் அடித்திருந்த ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். அன்று முழுக்க நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். கண்ணாடி போட்டால்தான் மருந்துச் சிட்டையை வாசிக்க முடிகிற, பிள்ளை ஒரு தரம் இருமினால் நித்திரை கலைகிற வயதுக்காரர்களுக்கு. மற்றவர்களுக்கு இது அலுப்பாக இருக்கும்.

போன மாதம் என் மகளுக்கு டெங்கு. நாலாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. தானாகக் கேட்டுப் பால் குடித்தாள். தலையணையில் போனைச் சாய்த்து வைத்துப் பாட்டுப் போட்டாள், கூடவே பாடினாள். என் கணவர் என்னிடம் வந்து, பிள்ளை தெளிந்துவிட்டாள், இனி நீயும் கொஞ்சம் படு என்றார். நான் படுக்கவில்லை. காய்ச்சல் விட்ட பிறகுதான் கூடக் கவனமாக இருக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆனால், உண்மையைச் சொன்னால், நான் ஓட்டோவைக் கூப்பிட்டது டொக்டரின் சொல்லை நினைத்து அல்ல. அவள் பாடியதைக் கேட்டுத்தான். கணவருக்கு அது விளங்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரத்தத்தைப் பார்த்துவிட்டு அவளை உடனே வார்ட்டில் மறித்துக்கொண்டார்கள். ஐந்து நாள் சேலைன் போத்தலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இப்போது அவள் பள்ளிக்கூடம் போய் வருகிறாள். எனக்குத்தான் இன்னும் சரிவரவில்லை. குசினியில் நிற்கும்போது அவள் அறையில் பாட்டுக் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்க்கிறேன். அவள் எரிச்சல்படுகிறாள்.

அதனால்தான் அந்த ஓகஸ்ட் விடுமுறையைப் பற்றி ஒரு தரம் ஒழுங்காக எழுதி வைக்கலாம் என்று இருக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. தங்கைக்கு ஏழு. அம்மா தம்பியைப் பெற்று மூன்று கிழமை, மூதூரில் தன் அக்கா வீட்டில் இருந்தார். பச்சைப் பிள்ளையோடு எங்கள் இருவரையும் வைத்துப் பார்க்க ஏலாது என்று, அப்பா எங்களைத் தன்னோடு வாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சல்லிக் கிராமத்துக்கு வடக்கே, கடற்கரையில் தென்னங்கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டில்தான் வாடி. கோடையில் கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்களில் அப்பாவும் சித்தப்பாவும் அங்கே தங்கிச் சுழியோடிக் கடலட்டை பிடிப்பார்கள். சமைக்கவும், கொண்டு வந்த அட்டையை அவிக்கவும் பெரியம்மா கூட வந்தார். அப்பாவின் காலமான அண்ணனுடைய மனைவி. பிள்ளைகள் இல்லாதவர்.

கடலட்டையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு சாண் நீளம், மணிக்கட்டு அளவு தடிப்பு. கண் இல்லை, கால் இல்லை, சத்தம் இல்லை. கடலடியில் மணலைத் தின்றுகொண்டு கிடக்கும். கரைக்கு வந்ததும் கீறி, இரண்டாக வெட்டிய தகர பீப்பாவில் அவித்து, மணலில் புதைத்து, மறுநாள் கிண்டி எடுத்துத் தோலைத் தேய்த்து, மறுபடியும் அவித்துப் பாயில் காயப் போடுவார்கள். அந்த அவிச்சல் மணத்தை நான் வேறெங்கும் மணந்ததில்லை. மயிர் கருகியது போலவும் ஈரச் சுண்ணாம்பு போலவும் இருக்கும். சோற்றில், தலைமயிரில், தங்கையின் செபமாலையில் கூட அது இருந்தது. காயப் போட்ட அட்டையைக் காகம் தூக்காமல் பார்ப்பது எங்கள் இருவரின் வேலை.

தரம் பார்ப்பது பெரியம்மாவின் வேலை. வள்ளம் கரையேறியதும் கூடையின் முன்னால் குந்தி இருந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பெருவிரலால் ஒரு அழுத்து. இறுக்கமாக இருந்தால் நல்ல அட்டை. விரல் புதைந்தால் பழுது, அது தனிக் கூடைக்குப் போகும். ஒரு கூடை முடிய அவருக்கு ஒரு வெற்றிலை சப்பும் நேரம் போதும். அந்தப் பழக்கம் அவரின் விரலில் ஏறியிருந்தது. பாணை அழுத்திப் பார்ப்பார், மாம்பழத்தை, எங்கள் கன்னத்தை, எல்லாவற்றையும்.

வாடிக்குள் லாம்பு தொங்குகிற கம்பியில் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. தலையில் கறுத்தக் கொண்டை, வாலடியில் சிவப்பு. எங்கள் தலைக்கு மேலே பறந்து போய் வந்துகொண்டே இருக்கும். விடியப்புறம் அதன் பாட்டோடுதான் எழும்புவோம். அது குஞ்சு பொரித்த பிறகு லாம்பைக் கொளுத்தக் கூடாது என்று சித்தப்பா தடை போட்டார். அப்பா முணுமுணுத்துக்கொண்டு இருட்டில் சாப்பிட்டார்.

எங்களுக்குப் பட்டம் வைத்ததும் சித்தப்பாதான். தங்கை குருவி, நான் அட்டை. அது பொருத்தமான பட்டந்தான். தங்கை கோயில் பாட்டுக் குழுவில் எல்லாரிலும் சின்னவள். வாய் ஓயாது. பாட்டு இல்லாவிட்டால் கதை, கதை இல்லாவிட்டால் சும்மா ஒரு இழுவை. நான் தேவைக்குக்கூடக் கதைக்க மாட்டேன். அதை வைத்து மத்தியானங்களில் வழக்கு நடக்கும். சித்தப்பா சுழியோடுகிற கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு நீதவானாக இருப்பார். அட்டை பெரிதா, குருவி பெரிதா என்பதுதான் வழக்கு.

தங்கை எழும்பி நின்று வாதாடுவாள். குருவி பாடும், பறக்கும், தும்பு பொறுக்கி வீடு கட்டும், பிள்ளைக்கு இரை தீத்தும். அட்டை என்ன செய்யும்?

"அட்டை மணலைத் துப்புரவாக்கும்" என்று நான் இருந்தபடியே சொல்வேன்.

"அட்டைக்கு வாய் எந்தப் பக்கம் எண்டு முதல் சொல்லு பாப்பம்."

"தெரியும் எனக்கு."

"மூச்சு எதாலை விடுறது எண்டும் சொல்லுவியோ?"

அட்டை பின்பக்கத்தால்தான் மூச்சு விடும் என்று சித்தப்பா முதல் நாளே சொல்லித் தந்திருந்தார். தங்கை அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவள். அந்த இடம் வந்தால் வழக்கில் எப்போதும் என் பக்கம் தோற்றுவிடும். நீதவானும் சிரித்துவிடுவார். பெரியம்மா மட்டும் அடுப்படியில் இருந்து, "அட்டை வளர்க்கலாம், குருவியை வளர்க்க ஏலாது" என்பார். எனக்குச் சார்பாகச் சொல்கிறார் என்று அப்போது நினைத்தேன். அவருக்குத் தங்கையை நினைத்துத்தான் பயம். அவள் குரல் ஒரு நிமிடம் கேட்காவிட்டால், "குருவி எங்கை?" என்று வெளியே வருவார். குரல் கேட்டுக்கொண்டிருந்தால் நிமிர்ந்தும் பார்க்க மாட்டார். கடலோரத்தில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அடுப்பும் எரிக்கிறவருக்கு அது பெரிய உதவி. என்னைப் பற்றி அப்படி ஒரு வழி அவரிடம் இருக்கவில்லை. நான் எங்கேயாவது இருப்பேன் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கென்று ஒரு அட்டை இருந்தது. ஒருவருக்கும் தெரியாமல் கூடையில் இருந்து எடுத்து, கைப்பிடி உடைந்த எனாமல் பேசினில் கடல்தண்ணீர் விட்டு, வாடிக்குப் பின்னால் தாழைப் பற்றைக்குள் வைத்திருந்தேன். தொட்டால் அது இறுகும். முதலில் இரப்பர் போல, பிறகு மரக்கட்டை போல. கையை எடுத்துவிட்டுப் பொறுத்திருந்தால் மெல்ல இளகும். ஒருநாள் நான் பொறுக்கவில்லை. எவ்வளவு இறுகும் என்று பார்க்க அழுத்திக்கொண்டே இருந்தேன். கல்லுப் போல இறுகியது. அதற்குப் பிறகு குடலைப் பின்பக்கத்தால் கொட்டியது. தண்ணீர் முழுக்க மஞ்சளாகி, நூல் நூலாக மிதந்தது. நான் ஓடிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது அது பேசினின் மூலையில் அமைதியாகக் கிடந்தது. பார்த்தவர் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

தொடக்கத்தில் சொன்ன அந்த நாள் விடிய அப்பாவும் சித்தப்பாவும் புல்மோட்டைப் பக்கம் தூரக் கடலுக்குப் போய்விட்டார்கள். இருட்டின பிறகுதான் வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தங்கை காலையிலேயே தொப்புளைப் பிடித்துக்கொண்டு வயிறு நோகுது என்றாள். பாணைத் தொடவில்லை. இரண்டு தரம் சத்தி எடுத்தாள். பெரியம்மா ஓமத்தண்ணி கொடுத்தார், அதுவும் வெளியே வந்தது. பத்து மணிக்குப் பிறகு நோ வலது பக்கம் கீழே இறங்கியது. காலை மடக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். பாட்டு இல்லை, கதை இல்லை. வாடிக்குள் குஞ்சுகளின் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் வாய் மூடியதுதான் பெரியம்மாவைக் கலக்கியது. செபமாலையை எடுத்தார், வைத்தார். இரண்டு மணி போல அழத் தொடங்கினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெளியே போகிறபோது உடுக்கிற சீலையைப் பெட்டியில் இருந்து எடுத்து உடுத்தார். தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு றோட்டுக்கு நடந்து, வருகிற வாகனத்தை மறித்து ஆஸ்பத்திரிக்குப் போவது என்று தீர்மானம். றோட்டு முக்கால் மைல். என்னை அவளின் மாற்று உடுப்பு ஒன்றை மடிக்கச் சொன்னார். நான் மடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அவள் எழும்பி உட்கார்ந்து பாடினாள். மாதா பாட்டு. முதல் அடி கொஞ்சம் நடுங்கியது, இரண்டாவது அடி நேராக வந்தது. நோ எங்கே என்று பெரியம்மா கேட்டார். இல்லை, போயிட்டுது என்றாள். பெரியம்மா அவளைப் படுக்க வைத்துச் சட்டையை உயர்த்தி, பெருவிரலால் வயிற்றில் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். அவரின் முகம் எப்படித் தெளிந்தது என்பதை நான் இன்னும் மறக்கவில்லை.

"நல்ல இறுக்கமாத்தான் கிடக்கு. வாயும் திறந்திட்டாள். இனிப் பயமில்லை."

வெளியே போகிற சீலையை அவிழ்த்து மடித்துப் பெட்டியில் வைத்தார். அடுப்புக்குப் போனார். பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபடியால் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் தங்கைக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். பாட்டின் ஓர் அடிக்கும் மறு அடிக்கும் நடுவில் அவள் என் காதுக்குள் சொன்னாள்.

"அக்கா, உள்ளுக்கை என்னவோ அறுந்தது. டக் எண்டு. அதுக்குப் பிறகு நோ இல்லை."

அவள் வயிற்றில் நான் கை வைத்தேன். அந்தச் சின்ன வயிறு பலகை போல இருந்தது. கையை எடுத்துவிட்டுப் பொறுத்திருந்தேன். இளகவில்லை.

நான் அடுப்படிக்குப் போய்ப் பெரியம்மாவிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அதைத்தான் சொன்னேன். அட்டையும் முதலில் இறுகித்தான் பிறகு உள்ளே இருக்கிறதைக் கொட்டும், கொட்டிய பிறகு பேசாமல் கிடக்கும் என்று. பெரியம்மா அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபிக்கவில்லை, சிரித்தார். காலையில் இருந்து பயந்த மனுசி, சிரிக்க ஒரு சாட்டு வேண்டியிருந்தது. "அட்டைக்கு வாய் வந்திட்டுது, வந்ததும் அட்டைக் கதைதான்" என்றார். போய்க் காகத்தைப் பார் என்று சொன்னார்.

நான் போய்க் காகத்தைப் பார்த்தேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியாமல் இருக்கிறது. ஒரு தரம் சொன்னேன், இரண்டாம் தரம் சொல்லவில்லை. மூன்று பத்தில் இருந்து ஐந்து மணி வரை பாயைச் சுற்றி நடந்து, உள்ளே போய்க் கடிகாரத்தைப் பார்த்து, தங்கையைப் பார்த்து, திரும்பி வந்து காகம் கலைத்தேன். ஒவ்வொரு தரம் பார்க்கும்போதும் அவள் உதடு இன்னும் கொஞ்சம் காய்ந்திருந்தது. பாட்டில் சொற்கள் குறைந்துகொண்டு வந்தன. கடைசியில் வெறும் இழுவைதான். ஆனால் அடுப்படிக்கு அதுவும் பாட்டாகத்தான் கேட்டது.

ஐந்து மணிக்குக் கிண்ணியா நானா வந்தார். காய்ந்த அட்டையைச் சாக்கில் ஏற்றிப் போகிற வியாபாரி, வெள்ளிக்கிழமை தவிர ஒன்றுவிட்டொரு நாள் தன் வானில் வருவார். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நானா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவருக்கும் அதே பெருவிரல்தான். வானை விட்டு இறங்குவதற்கு முன்னமே நான் கதவடியில் போய் நின்றேன்.

"நானா, தங்கச்சிக்கு வயித்துக்கை என்னவோ வெடிச்சுப் போச்சுது. பெரியம்மா நம்புறா இல்லை. வந்து பாருங்கோ."

அவர் சாவியைக் கழற்றாமல் என்னையே பார்த்தார்.

"இந்தப் புள்ள ஊமையெண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன்" என்றார். பிறகு இறங்கினார்.

பெரியம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. விருந்தாளிக்கு விளக்கம் சொல்வது போலச் சொன்னார். காலையில் நோ இருந்ததுதான், இப்போது விட்டுவிட்டது, பாருங்கோ பாடிக்கொண்டுதானே கிடக்கிறாள். சட்டையை உயர்த்தி, நீங்களே அழுத்திப் பாருங்கோ, எவ்வளவு இறுக்கம் என்றார். நானா குனிந்து தன் பெருவிரலை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். தங்கையின் நெற்றியைத் தொட்டார்.

"அக்கா, இது அட்டை இல்ல. புள்ள. வயிறு இப்படி இறுகக் கூடாது. தூக்குங்க."

அவ்வளவுதான் சொன்னார். சாக்கு ஒன்றையும் ஏற்றவில்லை. பெரியம்மா வீட்டுச் சீலையோடேயே ஏறினார். நான் மடித்து வைத்திருந்த மாற்றுச் சட்டையை எடுத்துக்கொண்டு ஏறினேன். பழைய சாக்குகளின் மேல் தங்கையைக் கிடத்தினோம். வழியில் வாகனங்களை மறித்துச் சோதிக்கிற இரண்டு ஆமி சென்றி. இரண்டிலும் நானா இறங்கி ஓடிப் போய்ச் சிங்களத்தில் என்னவோ சொன்னார். இரண்டாவதில் வரிசையை விலத்தி எங்களை முன்னுக்கு விட்டார்கள். அந்த இடத்துக்கும் டவுனுக்கும் நடுவில் எங்கேயோ இழுவை நின்றது. பெரியம்மா அவளின் வாயையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் குடல்வால் வெடித்துப் போயிருக்கிறது என்றார்கள். வயிற்றைத் திறந்து கழுவினார்கள். அந்த இரவைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. நான் விறாந்தையில் கிடந்த மர வாங்கில் நித்திரையாகிவிட்டேன்.

தங்கை பிழைத்துக்கொண்டாள். இருபத்தாறு நாள் வார்ட்டில் கிடந்தாள். இப்போது கனடாவில் இருக்கிறாள். வயிற்றில் நீளத் தழும்பு. இன்னும் பாடுகிறாள், என்னைவிட இரண்டு மடங்கு கதைக்கிறாள். போன மாதம் மகளை வார்ட்டில் வைத்திருந்தபோது போனில் அவளிடம் கேட்டேன், இத்தனை வருடத்தில் முதல் தரம். நோ போனதற்காகவா நீ பாடினாய்? அவள் சொன்னாள்: "இல்லையக்கா. பெரியம்மா அழுதுகொண்டிருந்தவ. பாடினால் நிப்பாட்டுவா எண்டு பாடினனான்."

பிறகு ஒரு புத்தகத்தில் எனக்குப் படிக்கக் கிடைத்தது. குருவிகள் நோய் வருத்தத்தைக் காட்டா. காட்டினால் காகமும் பூனையும் அறிந்துவிடும் என்று கடைசிவரை செட்டையைச் சரிசெய்துகொண்டு, பாடுகிறதைப் பாடிக்கொண்டு இருக்குமாம். அட்டை அப்படி இல்லை. அதற்கு நொந்தால் உள்ளே இருக்கிற முழுவதையும் வெளியே போட்டுக் காட்டும், ஆனால் பார்க்க ஒருவர் வேண்டும். சித்தப்பாவின் வழக்கில் எனக்கு இது தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். வென்றிருப்பேன் என்றில்லை. எது பெரிது என்று நாங்கள் கேட்டதே பிழை. இரண்டையும் வைத்திருக்கிற ஒருவர் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். எனக்கு ஒரு மகள், ஒரு மகன். அவள் பாடினால் ஓடுகிறேன், அவன் பேசாமல் இருந்தால் ஓடுகிறேன். இரண்டு பக்கமும் ஓடிக் களைத்துப் போனேன்.

பெரியம்மாவை நான் குறை சொல்லவில்லை. அவர் அதன் பிறகு அட்டை அவிக்க வரவில்லை. வாடி இருந்த இடத்தில் இப்போது ஒரு ஹோட்டலின் நீச்சல்குளம் இருக்கிறது. அப்பாவின் கடிகாரம் அந்த ஆணியிலேயே இருந்து காணாமல் போனது. அவசரத்தில் அதை ஒருவரும் நினைக்கவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி விறாந்தையில் நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். செய்தி கேட்டு அப்பாவும் சித்தப்பாவும் உப்புக் காய்ந்த காலோடு வந்திருந்தார்கள். அப்பா பெரியம்மாவைக் கேள்வி கேட்டார், பெரியம்மா அழுதார், சித்தப்பா இருவருக்கும் நடுவில் நின்றார். பிள்ளையைக் கொண்டு வரச் சொன்னது யார் என்று அப்பா கேட்டார். இன்னும் போகாமல் நின்ற நானா என்னைக் காட்டினார். அப்பா என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "இவளோ? இவள் கதைக்க மாட்டாளே" என்று நானாவிடம் சொன்னார். பிறகு மருந்து வாங்கச் சிட்டை தந்தார்கள், எல்லாரும் அதற்குப் பின்னால் போனார்கள்.

எட்டு மணி போல அம்மா வந்தார். மூதூரில் இருந்து முதல் லோஞ்சுப் படகைப் பிடித்து வந்திருந்தார். சீலைத் தலைப்பு கடல்தண்ணீரில் நனைந்திருந்தது, தோளில் தம்பி. நேரே உள்ளே போய்த் தங்கையைப் பார்த்தார். வெளியே வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் அவருக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். அவர் தம்பியை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, வாங்கில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். மூச்சு வாங்கியது. மடித்த சட்டையை இன்னும் நான் கையில் வைத்திருந்தேன். அதை மெல்ல இழுத்து எடுத்து மடியில் வைத்தார். என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிட்டார். பிறகு குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"உனக்கு எங்கையும் நோகுதோ பிள்ளை?"